டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே பெர்மிட் எடுத்துக்கொள்ளலாமா? பென்னாகரத்துத் தங்கச்சிக்கு ஒரு பதில்

பென்னாகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்தவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி, வீட்டில் முதல் பட்டதாரி. ஒன்றரை வருடமாகத் தனியார் மெட்ரிக் பள்ளியில் 9,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை. ஓசூரில் ஒரு ஏஜென்ட், வியட்நாமில் ஆங்கில ஆசிரியர் வேலை இருக்கிறது என்று இரண்டரை லட்சம் கேட்கிறார். "முதல்ல டூரிஸ்ட் விசாவுல போயிடுங்க, அங்க போய் ஒரே மாசத்துல பெர்மிட் எடுத்துக்கலாம்" என்கிறாராம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் தன்னிடம் கொடுத்து வைக்கச் சொல்கிறார். அம்மா செயினை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். போகலாமா என்பது கேள்வி.

இந்த வழியில் போக வேண்டாம். வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் தாய்லாந்தில் ஒரு மாகாணப் பள்ளியில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்குத் திரும்பியவள். அதற்குப் பிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்குக் காகித வேலைக்கு உதவியிருக்கிறேன். அவர்களில் ஏமாந்த எல்லோரும் ஒரே இடத்தில்தான் ஏமாந்தார்கள். பெர்மிட் என்கிற வேலை அனுமதி நாம் காசு கொடுத்து வாங்குகிற பொருள் என்று நினைத்துவிட்டார்கள்.

வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல. வேலை தரும் பள்ளியோ மொழி மையமோதான் அந்த நாட்டு அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். "இந்த வேலைக்கு இந்த வெளிநாட்டு ஆள் எங்களுக்குத் தேவை, இவருடைய தகுதி இது" என்று அவர்கள்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். அனுமதியும் அந்தப் பள்ளியோடு சேர்ந்தே வரும். தாய்லாந்தில் என் பெர்மிட்டில் பள்ளியின் பெயரும் முகவரியும் இருந்தன. பள்ளி மாறினால் அது செல்லாது, அதை நம்பி நிற்கும் விசாவும் அதோடு போய்விடும். அதனால் ஏஜென்ட்டிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எந்தப் பள்ளி பேர்ல பெர்மிட் வரும்?" பள்ளியின் பெயர் சொல்லத் தெரியாதவரிடம் வேலை இல்லை. வேலை இல்லாமல் பெர்மிட்டும் இல்லை.

"அங்கே போய் எடுத்துக்கலாம்" என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறார்கள். வியட்நாம் 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் இ-விசா தருகிறது. அதில் உள்ளே போன ஒருவருக்கு வேலை அனுமதி முறையாகக் கிடைத்துவிட்டால், அங்கிருந்தபடியே விசாவை வேலைக்கானதாக மாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. ஏஜென்ட் சொல்லாமல் விடுவது மீதிப் பாதி. பெர்மிட் கைக்கு வரும்வரை ஒரு நாள்கூட வகுப்பில் நிற்கக் கூடாது. நின்றால் அது சட்டவிரோத வேலை. அபராதம் வியட்நாம் பணத்தில் ஒன்றரைக் கோடி டாங்கிலிருந்து இரண்டரைக் கோடி டாங் வரை, கூடவே நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். பெர்மிட்டுக்கு வேண்டிய பட்டச் சான்று, பி.எட். சான்று, போலீஸ் சான்று எல்லாவற்றிலும் இந்தியாவில் போட வேண்டிய முத்திரைகள் இருக்கின்றன. அவை இல்லாமல் போய் இறங்கினால் 90 நாள் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் ஹோ சி மின் நகரத்தில் ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு சர்டிஃபிகேட்டைக் கூரியரில் ஊருக்கு அனுப்பிவிட்டு வாடகை கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். கையில் காசு தீர்ந்ததும் "சும்மா நாலு கிளாஸ் எடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று ஒரு மையம் கூப்பிடும். அங்கே மாட்டினால் மாட்டுவது நீங்கள்தான். ஏஜென்ட் ஓசூரில் இருப்பார்.

தாய்லாந்திலும் இதே கதைதான். இந்தியர்களுக்கு அங்கே விசா இல்லாமலே நுழைய அனுமதி வந்த பிறகு இந்த வலை இன்னும் அகலமாகிவிட்டது. பெர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 பாட்டிலிருந்து 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், அதன்பின் 2 வருடத்துக்கு பெர்மிட் கேட்கவே முடியாது. இதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி வேலையில் அடைத்து வைத்தார்கள். அரசு தலையிட்டு மீட்டு வர வேண்டியிருந்தது. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளைத்தான் அந்தக் கும்பல்கள் தேடுகின்றன. அதனால்தான் பள்ளிப் பெயரும் முகவரியும் ஒப்பந்தமும் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி ஏஜென்ட் விஷயம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தால் உண்மையா, காலாவதியா, ரத்தானதா என்று தெரிந்துவிடும். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம், ஆக 35,400. உங்களிடம் கேட்பது அதைப்போல ஏழு மடங்கு. "நான் சென்னை கம்பெனிக்கு சப் ஏஜென்ட்" என்று சொன்னால் அதுவும் செல்லாது, சப் ஏஜென்ட் என்ற ஏற்பாட்டைச் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. தனியாரை நம்பப் பயமாக இருந்தால், 1978-லிருந்து சென்னையில் நடக்கும் தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அரசு நிறுவனம்தான். ஆங்கில ஆசிரியர் வேலை அங்கே எப்போதாவதுதான் வரும். ஆனாலும் பெயரைப் பதிவு செய்து வைப்பதில் நஷ்டமில்லை.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். முத்திரைக்கு அனுப்பும்போதுகூட ரசீது இல்லாமல் கொடுக்கக் கூடாது. நம் ஊர்த் தனியார் பள்ளிகள் சிலவும் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்கின்றன. உங்கள் பள்ளியிலும் அப்படி இருந்தால், சண்டை போட்டுக்கொண்டு வெளியே வராமல் கல்வியாண்டு முடிவில் முறையாக விலகி அதைத் திரும்ப வாங்குங்கள். அதோடு சேர்ந்த தேதி, விலகிய தேதி, எடுத்த பாடம், வகுப்பு எல்லாம் லெட்டர்ஹெட்டில் எழுதிய அனுபவச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு பக்கக் காகிதம் பல நாடுகளில் உங்களை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும்.

அடுத்தது பெயர். நம்மவர்களின் பெர்மிட் விண்ணப்பம் அதிகம் நிற்பது இங்கேதான், ஆனால் இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மார்க்‌ஷீட்டில் "செல்வி எம்." என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிக்கச் சொன்னதால் "செல்வி முனுசாமி" ஆகியிருக்கும். ஆதாரில் அப்பா பெயரில் சாமிக்கு ஒரு எழுத்து கூடியிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். ஹனோயிலோ துபாயிலோ உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு மூன்று பேர். இன்னும் சிலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை விடமாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தபோது தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் எத்தனை தடுமாறினார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி செய்ய வழி இருக்கிறது, காலம்தான் பிடிக்கும். வித்தியாசம் சின்னதாக இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் அபிடவிட் எடுத்துச் சேர்க்கலாம். சில தூதரகங்கள் அதை ஏற்பதில்லை. பெரிய வித்தியாசம் என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அதை வைத்துப் பாஸ்போர்ட்டைத் திருத்துவதே உறுதியான வழி. பிறந்த தேதியையும் பாருங்கள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு, சேர்க்கும் அன்றைக்கு வாத்தியார் எழுதின தேதி ஒன்று, பிறப்புச் சான்றில் வேறொன்று என்று இருப்பது சாதாரணம்.

கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல்தான். அதற்கு முன் பிறந்த எங்கள் பிறப்புச் சான்றில் தர்மபுரி மாவட்டம் என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் கிருஷ்ணகிரி என்று இருக்கும். காவேரிப்பட்டணத்தில் பிறந்த என்னிடம் தாய்லாந்துப் பள்ளி அலுவலகத்தில் "எது உண்மை?" என்று கேட்டார்கள். மாவட்டம் பிரிந்த கதையை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

முத்திரைகளுக்கு வருவோம். உங்கள் பி.ஏ. பட்டம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துடையது, பி.எட். பட்டம் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துடையது. இரண்டு இடத்திலும் முதலில் உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும், அதாவது இந்தப் பட்டம் நாங்கள் கொடுத்ததுதான் என்று பல்கலைக்கழகமே எழுதித் தருவது. தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலம் போய் ஒரே நாளில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், சான்று வரத்தான் நாளாகும். ப்ரொவிஷனலை வைத்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், பட்டமளிப்புச் சான்றே வேண்டும். அடுத்தது சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம். அதன் மேல் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை.

இந்தக் கடைசிப் படியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரையை ஏற்றுக்கொள்ளும் உடன்படிக்கையில் இருக்கும் நாடு என்றால் அமைச்சகம் ஒட்டும் அப்போஸ்டில் ஸ்டிக்கரோடு வேலை முடிந்தது. இந்தியா 2005-லிருந்து அதில் இருக்கிறது. ஓமனில் 2012-லும், சவூதியில் 2022 டிசம்பரிலும் அது நடைமுறைக்கு வந்தது. அதில் சேராத நாடு என்றால் அமைச்சகத்தின் சாதாரண அட்டெஸ்டேஷன் போட்டு, அதன்மேல் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வாங்க வேண்டும். அமீரகத்துக்கு இந்த வழிதான், போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஊர் வெளியுறவு அமைச்சக முத்திரையும் உண்டு. எந்த நாடு என்று முடிவாகாமல் முத்திரை போட ஓடாதீர்கள். தவறான வகை போட்டுவிட்டால் மறுபடி பணம், மறுபடி நாள். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், சேவை மையக் கட்டணம் அதன்மேல் கொஞ்சம். ஆனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் "அட்டெஸ்டேஷன் செய்து தரப்படும்" என்று போர்டு மாட்டியவர் ஒரு சான்றுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார். அலைச்சலுக்காகக் கொடுக்கலாம், கொடுப்பது எதற்கு என்று தெரிந்து கொடுங்கள்.

போலீஸ் சான்று, பி.சி.சி. என்பார்கள், பாஸ்போர்ட் சேவை மூலமாகத்தான் எடுக்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய். இதைக் கடைசியில் எடுங்கள். வியட்நாமில் 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். ஆர்வத்தில் முதலிலேயே எடுத்து வைத்து, பட்டத்துக்கு முத்திரை வருவதற்குள் பி.சி.சி. காலாவதியான பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த நாடு உங்களுக்குப் பொருந்தும்? மனசைக் கஷ்டப்படுத்துகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தென் கொரியாவில் ஆங்கில ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தில் பட்டமும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்களுக்கு அரசுப் பள்ளியில் உதவி ஆசிரியர் என்ற ஒரு சின்னக் கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாகப் போன யாரையும் நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஜப்பானில் பள்ளிகளுக்கு ஆங்கில உதவி ஆசிரியர் எடுப்பவர்கள் 12 வருடம் ஆங்கிலவழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். தமிழ்வழியில் படித்த நமக்கு அது மூடிய வழி. இதைக் கேட்டு உங்கள் ஆங்கிலத்தைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். ஆங்கிலத்தை இன்னொரு மொழியாகக் கஷ்டப்பட்டுக் கற்றவருக்குத்தான் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்று தெரியும். தாய்லாந்தில் என் வகுப்பில் இதை நான் தினமும் கண்டேன்.

உங்களுக்குத் திறந்திருப்பவை வேறு. வளைகுடா நாடுகளில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் நிறைய. அங்கே ஆங்கிலப் பாடத்துக்கு பி.எட். கேட்கிறார்கள், நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்பது தடையாவதில்லை. அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவை வேலை தருபவர்தான் ஏற்க வேண்டும், ஊழியரிடம் வாங்கக் கூடாது. மாலத்தீவுப் பள்ளிகள் ஆங்கிலவழியில் நடப்பவை, இந்திய ஆசிரியர்கள் பல வருடங்களாகப் போய் வருகிறார்கள். தீவு வாழ்க்கை தனிமையானது, அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். அங்கேயும் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். டூரிஸ்ட்டுக்கு இறங்கியதும் விசா கிடைக்கும் நாடு என்பதால் அங்கேயும் இதே வலையை விரிப்பார்கள்.

தாய்லாந்தில் உங்கள் பி.எட். பெரிய பலம். முதலில் பள்ளி அனுப்பும் கடிதங்களை வைத்து நான்-இமிக்ரண்ட் பி என்ற வேலைக்கான விசா இங்கேயே எடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் தொழிலாளர் துறையில் பெர்மிட், குருசபா என்ற ஆசிரியர் மன்றத்திடம் கற்பிக்க அனுமதி. நான் இருந்தபோது பள்ளி விண்ணப்பித்து 2 வருடத் தற்காலிக அனுமதி வாங்கித் தந்தது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களிடம் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள், டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வு என்றால் 990-க்கு 600. நீங்கள் இரண்டு மாதம் பயிற்சி எடுத்தால் தாண்டிவிடுவீர்கள். 90 நாளுக்கு ஒருமுறை இமிக்ரேஷனில் முகவரி தெரிவிக்க வேண்டும், அது பழகிவிடும். சம்பளத்தில் வெள்ளைக்கார ஆசிரியருக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே போங்கள், அங்கே போய்த் தெரிந்து அழ வேண்டாம்.

வியட்நாமும் மோசமான இடம் இல்லை. பட்டம், கற்பிக்கும் தகுதிச் சான்று, மருத்துவப் பரிசோதனை, பி.சி.சி. எல்லாம் முறையாக இருந்தால் 2 வருடம் வரை பெர்மிட் தருவார்கள். வேண்டாம் என்று நான் சொல்வது ஓசூர்க்காரர் காட்டும் வழியை. நேரடியாக மொழி மையத்துக்கு விண்ணப்பித்து, வீடியோவில் டெமோ வகுப்பு எடுத்து, அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் அனுப்பட்டும். ஒப்பந்தத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எந்தத் தேதியில், பெர்மிட் செலவு யாருடையது, விலகினால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இப்போது அங்கே வேலை செய்யும் ஒரு வெளிநாட்டு ஆசிரியரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். நல்ல பள்ளி தயங்காமல் எண் கொடுக்கும். "பெர்மிட் வரும்வரை நான் வகுப்பு எடுக்க மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

இரண்டரை லட்சத்துக்கு வருகிறேன். அம்மாவின் செயின் பீரோவிலேயே இருக்கட்டும். டோயிக் தேர்வு, உண்மைத்தன்மைச் சான்றுகள், முத்திரைகள், பி.சி.சி., விமான டிக்கெட் எல்லாம் கூட்டினாலும் அதில் பாதிகூட ஆகாது. ஒன்பதாயிரம் சம்பளத்தில் அதுவும் பெரிய தொகைதான், எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் சீட்டு போட்டுச் சேர்த்துக் கிளம்பினேன். செலவு ஒரே நாளில் வராது, படிப்படியாகத்தான் வரும். வேலை உறுதியாகும் முன் தேர்வுக்கும் பல்கலைக்கழகச் சான்றுகளுக்கும் மட்டும் கட்டினால் போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், பிறப்புச் சான்று, ஆதார், பட்டம், பி.எட்., பாஸ்போர்ட் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் தரையில் வரிசையாக விரித்து வைத்து உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர் நான்கையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு ஒரு தாளில் குறியுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இன்னும் நல்லது, பட்டத்தில் உள்ள பெயரோடு முடிந்தவரை ஒத்துவருமாறு முதலிலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தாளோடு கிருஷ்ணகிரிக்கு வாருங்கள், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். அம்மாவையும் அழைத்து வாருங்கள், அவரிடமும் நான் பேச வேண்டும்.